பச்சை பெல்ட்டில் ஒரு ரிவால்வர்

ஆகஸ்ட் 18, திங்கள்

லைசென்ஸ் வந்துவிட்டது. பதினான்கு மாதமாகக் கலெக்டர் ஆபீஸ் படியை இருபத்தொரு முறை ஏறி இறங்கியதற்கு ஒற்றைக் காகிதம். சென்னியப்பன், வயது 61, ஓய்வுபெற்ற தலைமை நில அளவர், தற்காப்புக்காக ஒரு கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம். சட்னி அரைத்துக்கொண்டிருந்த கமலவேணியிடம் காட்டினேன். ஈரக்கையைத் துடைத்துவிட்டு, கண்ணாடி போட்டு இரண்டு தடவை படித்தாள்.

"ஏனுங்க, இத வாங்கியாந்து ஊட்டுல எங்க வெப்பீங்க?"

"ஊட்டுல இல்ல. இடுப்புல."

"வேட்டியே உங்க இடுப்புல நிக்கறதில்ல" என்று சொல்லிவிட்டு மிக்ஸியைப் போட்டாள். முப்பத்தாறு வருடமாக என் பேச்சை முடித்துவைப்பது அந்த மிக்ஸிதான்.

பயமா என்று கேட்டால், பயமில்லை. முன்னெச்சரிக்கை. குழந்தைவேல் செப்டம்பர் 26 அன்று ஜெயிலிலிருந்து வருகிறான். அவனுடைய கல் குவாரி அனுமதித்த எல்லையைத் தாண்டிப் புறம்போக்கில் போயிருந்தது. பாறைச்சுவர் சரிந்து இரண்டு பேர் செத்தார்கள். குழியை அளந்தவன் நான். கோர்ட்டில் ஏறி, முப்பத்தெட்டு மீட்டர் இருபது சென்டிமீட்டர் உள்ளே வந்திருக்கிறான் என்று சொன்னவனும் நான். அவனை வேனில் ஏற்றும்போது இரண்டு போலீஸ்காரர்கள் காதுபடச் சொன்னான்: "டேப்பு புடிச்ச கைய வெட்டாம உடமாட்டேண்டா சர்வேயரு." அந்த இரண்டு பேரும் எழுதிக் கொடுத்ததால்தான் இந்த லைசென்ஸ்.

இன்னும் முப்பத்தொன்பது நாள்.

ஆகஸ்ட் 21, வியாழன்

சேலம் போய் வந்தேன். கடைக்காரர் தஸ்தகீர் பாய்க்கு எழுபது வயதிருக்கும். கண்ணாடிப் பெட்டிக்குள் துப்பாக்கிகள் வெல்வெட்டில் படுத்திருந்தன.

"எதுக்குங்க சார் வேணும்? காவலுக்கா, காட்டுப்பன்னி வெரட்டவா?"

"வெளிய தெரியாம வெச்சுக்க."

"யாருக்குத் தெரியாம?"

"எல்லாருக்கும்."

பாய் என்னை மேலும் கீழும் பார்த்தார். வெள்ளைச் சட்டை, வேட்டி, கக்கத்தில் பை. மூன்றை எடுத்து வைத்தார். முதலாவது பிஸ்டல். தட்டையாக இருந்தது, மறைக்க அதுதான் வசதி. ஆனால் மேல்பாகத்தைப் பின்னால் இழுத்துவிட்டால்தான் குண்டு ஏறும். முப்பத்துநாலு வருடம் நிலம் அளக்கும் சங்கிலி இழுத்த என் கட்டைவிரல் இப்போது ஊறுகாய் பாட்டில் மூடிக்கே மறுக்கிறது. இரண்டு முறை இழுத்தேன், பாய் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். இரண்டாவது நீளக் குழல் ரிவால்வர். உட்கார்ந்தால் தொடையில் குத்தும். மூன்றாவது குட்டை ரிவால்வர், முப்பத்திரண்டு போர். ஆறு குண்டு. இழுக்க, பூட்ட ஒன்றும் இல்லை, விசையை அழுத்தினால் போதும்.

பையிலிருந்து ஸ்டீல் டேப்பை எடுத்தேன். நீளம் பதினேழு சென்டிமீட்டர் எட்டு மில்லிமீட்டர். உருளை இருக்கும் இடத்தில் கனம் மூன்றரை சென்டிமீட்டர்.

"நாப்பது வருசமா கடை வெச்சிருக்கேன் சார். அளந்து பாத்து வாங்கற மொத ஆளு நீங்கதான்."

"அளக்காம எதையும் வாங்கறதில்ல பாய்."

"உறை?"

உறைக்கு இன்னொரு நாள் வருகிறேன் என்று நினைத்தேன். அவரோ நான்கைந்தை ஒரு பையில் போட்டு, "ஊட்டுல போட்டுப் பாருங்க, ஒத்து வராதத திருப்பிக் கொடுங்க" என்றார். நல்ல மனிதர்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

ஸ்டேஷனில் பதிவு செய்தாயிற்று. வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் நின்று உறைகளைப் போட்டுப் பார்த்தேன். குண்டு போடவில்லை.

தோளில் மாட்டும் உறை: வெள்ளைச் சட்டைக்குள் கறுப்பு வார் பளிச்சென்று தெரிகிறது. இடுப்பில் செருகும் உறை: பேன்ட்டுக்குச் செய்தது. வேட்டியில் செருகி நான்கு எட்டு வைத்தேன், ரிவால்வர் நின்றது, வேட்டி இறங்கிவிட்டது. கணுக்காலில் கட்டும் உறை: இதுதான் சரி என்று முடிவே செய்துவிட்டேன். தோட்டத்துக்குத் தண்ணீர் விடப் போகும்போது பழக்க தோஷத்தில் வேட்டியை மடித்துக் கட்டிவிட்டேன். தெருவே பார்க்கும்படி காலில் துப்பாக்கியோடு ரோஜாச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். கமலவேணிதான் ஓடிவந்து சொன்னாள். சொல்லி முடிக்க முடியாமல் வாசற்படியில் உட்கார்ந்து சிரித்தாள்.

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவள் சிரித்துப் பல நாளாயிற்று.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

வழி கிடைத்துவிட்டது. எங்கள் பக்கத்து ஆண்பிள்ளைகள் பாதிப் பேர் வேட்டிக்கு மேல் கட்டும் பச்சை பெல்ட், அகலமானது, பை வைத்தது. சட்டைக்குள் இருந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சந்தையில் பெல்ட் தைப்பவரிடம் வலது பக்கம் தனியாக ஒரு மூடி வைத்த பை கேட்டேன். பத்தொன்பதுக்குப் பதின்மூன்று சென்டிமீட்டர், கனம் நாலு. உள்ளே தோல் வைத்து, அசையாமல் இறுக்கமாக.

"என்னங்க வெக்கப் போறீங்க?"

"கண்ணாடிக் கூடு."

"இத்தன பெரிய கண்ணாடியா?"

"எனக்குப் பார்வை மட்டு."

செப்டம்பர் 10, புதன்

ரைபிள் கிளப்பில் பயிற்சி. பத்து மீட்டரில் ஐந்து குண்டு. மூன்று காகிதத்தில் பட்டது. காது இன்னும் ரீங்காரம் போடுகிறது. நம் வாசல் நாற்காலியிலிருந்து கேட் வரை ஆறு மீட்டர் நாற்பது. அளந்து வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 15, திங்கள்

பெல்ட் வெற்றி. ஊருக்கே தெரியவில்லை. ஆனால் வலது இடுப்பு புடைத்திருப்பது தெரிந்துவிட்டது. டீக்கடையில் கேட்டார்கள்: "சர்வேயரய்யா, குடலெறக்கமுங்களா?"

ஒரு நொடி யோசித்துவிட்டு ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு நிம்மதி போயிற்று. ஆளுக்கொரு டாக்டர் சொல்கிறார்கள். பால் ஊற்றுபவர் தன்னுடைய ஆபரேஷன் தழும்பைத் தெருவில் வைத்துக் காட்டினார். கனமான எதையும் தூக்காதீர்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். முக்கால் கிலோ இரும்பை இடுப்பில் தூக்கிக்கொண்டு தலையாட்டுகிறேன்.

செப்டம்பர் 26, வெள்ளி

வந்துவிட்டான்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. கமலவேணி வழக்கம்போல் வீட்டில் வாயும் கூர்மையும் உள்ள எதையும் விடவில்லை. அரிவாள்மனை, மிக்ஸி, தையல் மெஷின், ஸ்கூட்டர், என் ஸ்டீல் டேப், தூக்குக் குண்டு எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம்.

டேப் விஷயத்தில் எங்களுக்குள் கல்யாணமான வருடத்திலிருந்து சண்டை. அவள் டேப்பின் கொக்கி முனையில் சரியாகப் பொட்டு வைப்பாள். அது காய்ந்தால் ஒரு மில்லிமீட்டர் கூடும். நான் பூஜை முடிந்த மறுநிமிடம் துடைத்துவிடுவேன். சாமிக்கு வைத்ததைத் துடைக்கிறீர்களே என்பாள். சாமி ஒரு மில்லிமீட்டரை விட்டுக்கொடுக்கும், சிவில் கோர்ட்டு விடாது என்பேன். இன்றும் துடைத்தேன், இன்றும் சொன்னாள்.

"அதையுங் கொண்டாங்க" என்றாள் பிறகு.

ஆறு குண்டுகளையும் எடுத்து டம்ளரில் போட்டுவிட்டு, ரிவால்வரை வாழையிலையில் வைத்தேன். அவளுக்கு அதைத் தொடப் பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் வீட்டுக்கு வந்த ஆயுதம், விட்டுவிட மனம் வராது. கடைச் சந்தனத்தூளைப் பன்னீரில் கெட்டியாகக் குழைத்து வைத்தாள். வழவழப்பில் பொட்டு நழுவியது.

"பள்ளத்துல வெச்சாத்தான் நிக்குதுங்க" என்று விசைக்குப் பின்னால், சுத்தியலுக்கு அடியில், உருளை இடுக்கில் எல்லாம் அப்பினாள். எலுமிச்சம்பழத்தை அறுத்து இரண்டு சொட்டுப் பிழிந்தாள். கற்பூரம் காட்டினாள். கண்ணை மூடி ரொம்ப நேரம் நின்றாள்.

நான் துடைக்கவில்லை. ஏன் என்று தெரியவில்லை. சாமி பார்த்துக்கொள்ளட்டும் என்று நினைத்திருக்கலாம். எனக்கு அப்படி ஒரு நினைப்பு இதுவரை வந்ததில்லை.

அக்டோபர் 2, வியாழன்

மறுபூஜை முடிந்ததும் குண்டுகளைப் போட்டு, பொட்டோடு பெல்ட்டில் வைத்தேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

தெரியாத நம்பரிலிருந்து நான்கு அழைப்பு. எடுத்தால் மூச்சுவிடும் சத்தம், பிறகு துண்டிப்பு. சாயந்தரம் ஒரு பைக் கேட் முன்னால் நின்று போனது. தலைக்கவசம் போட்டிருந்தான், முகம் தெரியவில்லை. கமலவேணியிடம் கூரியர்காரன் என்று சொல்லிவிட்டேன்.

"நம்மளுக்கு யாருங்க கூரியர் போடறாங்க?" என்றாள்.

அக்டோபர் 9, வியாழன்

மகள் வீட்டுக்குப் போய் பத்து நாள் இருந்துவிட்டு வா என்றேன் கமலவேணியிடம். "நீங்க வந்தா நானும் வாரேன்" என்கிறாள். தூங்கும்போதும் பெல்ட்டைக் கழற்றுவதில்லை. இடுப்பில் வேர்க்குரு.

அக்டோபர் 14, செவ்வாய்

மழை. குழந்தைவேல் வந்தான். காபி குடித்தான். போனான்.

கமலவேணி ரேஷன் கடையிலிருந்து வருவதற்குள் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டேன். வலது கை ஆள்காட்டி விரல் கன்றிப் போயிருக்கிறது. கதவிடுக்கில் நசுங்கியது என்று அவளிடம் சொன்னேன்.

அக்டோபர் 15, புதன்

நேற்று முழுதாக எழுத முடியவில்லை. இன்று முறையாக எழுதுகிறேன்.

மணி நாலரை. வாசல் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அந்த பைக் வந்து நின்றது. தலைக்கவசத்தைக் கழற்றினான். நான்கு வருடத்தில் பாதியாக இளைத்திருந்தான், தலை முழுக்க நரை. கேட்டைத் திறந்துகொண்டு மழையில் நனைந்தபடி வந்தான். நான் பேப்பரை மடியில் விரித்துக்கொண்டேன். அதற்கு அடியில், பெல்ட்டிலிருந்து எடுத்த ரிவால்வரைக் கை தொட்டுக்கொண்டிருந்தது. தொட்டுக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

படிக்குக் கீழே, இரண்டு மீட்டர் தூரத்தில் நின்றான். சட்டையைத் தூக்கினான். உள்ளே பச்சை பெல்ட். அவன் கை பெல்ட்டுப் பைக்குள் போனது.

வெளியே வந்தது ஒரு பிளாஸ்டிக் கவர். அதற்குள் நனையாமல் மடித்த பட்டா நகல், நிலத்தின் எல்லை காட்டும் புலப்படம்.

"சர்வேயரய்யா" என்றான். "நான் உள்ள இருந்தப்ப என்ற அண்ணன் வரப்ப நவுத்திப் போட்டானுங்க. ஊட்டுக்காரியும் புள்ளையும் தனியா என்னங்க பண்ணுவாங்க. யாரக் கூட்டியாந்து அளந்தாலும் அவன் காசக் கொடுத்து மடக்கிப் போடுவான். நீங்க அளந்தா சரின்னு ஊர்ல அத்தன பேரு முன்னாடி அண்ணனே ஒத்துக்கிட்டான்."

நான் மடியிலிருந்த பேப்பரை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"நாலஞ்சு வாட்டி போன் போட்டனுங்க. நீங்க அலோன்னதும் பேச வாய் வல்லீங்க. அன்னிக்கு வேன்ல ஏறறப்ப என்னென்னமோ பேசிப்போட்டேன்."

"உள்ள வா. நனையாத" என்றேன். எழுந்திருக்க வேண்டும். மடியில் பேப்பரும் அதற்கடியில் அதுவும். பேப்பரோடு சேர்த்து இடுப்பில் அணைத்துக்கொண்டு, ஒரு பக்கமாகக் குனிந்து சமையலறைக்குப் போனேன். சர்க்கரை டப்பாவில் ரிவால்வரைப் போட்டு மூடினேன். காபி போட்டேன். சர்க்கரை இல்லாத காபி. அவன் ஒன்றும் சொல்லாமல் குடித்தான்.

செத்துப்போன இரண்டு பேரைப் பற்றி அவனாகவே சொன்னான். அந்த வீடுகளுக்கும் போய் வந்தானாம். ஒரு வீட்டில் கதவைத் திறக்கவில்லை. "தொறக்க மாட்டாங்க. எப்படிங்க தொறப்பாங்க" என்றான்.

24ஆம் தேதி அளக்க வருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

அக்டோபர் 17, வெள்ளி

ரிவால்வர் சரியாக வேலை செய்யவில்லை என்று தோன்றியதால் சேலம் கொண்டுபோனேன். தஸ்தகீர் பாய் விளக்கடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உருளையை விரலால் தள்ளினார். அசையவில்லை. நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தார்.

"சார், இதென்ன சந்தனமா?"

"ஆயுத பூஜை."

"எல்லா ஊட்டுலயும் ஒரு பொட்டு வெப்பாங்க. நீங்க சந்தனக் காப்புல்ல சாத்தியிருக்கீங்க!" சிரித்தவர் மறுபடி குனிந்தார். "கடைச் சந்தனத்துல பசை கலக்கறான். எலுமிச்சை வேற. இடுப்பு வேர்வை, இறுக்கமான உறை. துருவும் சந்தனமும் சேந்து சிமெண்டாட்டம் புடிச்சிருச்சு."

கழற்றினார். பிறகு கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். குரல் தணிந்திருந்தது.

"விசைய அழுத்தியிருக்கீங்க சார். லேசா இல்ல. உள்ள ஸ்ப்ரிங் வளைஞ்சிருக்கு."

"சரிபார்க்கறதுக்கு அழுத்தினேன்."

"குண்டப் போட்டுக்கிட்டா?"

நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. ஒரு டீ வாங்கி வரச் சொன்னார். குடித்து முடிக்கும்வரை இருவரும் மழையைப் பற்றிப் பேசினோம்.

அதே நாள், பஸ்ஸில்

நில அளவர் புலப்படத்தில் பொய் எழுதியதில்லை. இதிலும் எழுதக் கூடாது.

இரண்டு முறை அழுத்தினேன். அவன் கை பெல்ட்டுக்குள் போனதும் ஒரு முறை. கவர் பாதி வெளியே வந்தபோது, அது கவர் என்று தெரிந்த பிறகுதானோ அதற்கு முன்னோ, எனக்கு நிச்சயமில்லை, இன்னொரு முறை. விரல் கன்றும் அளவுக்கு அழுத்தினேன். விசை மயிரிழைகூட அசையவில்லை. இரண்டு மீட்டரில் நான் தவறவிட்டிருக்க மாட்டேன்.

பயமில்லை, முன்னெச்சரிக்கை என்று எழுதியதும் பொய். பதினான்கு மாதமும் பயந்துகொண்டுதான் இருந்தேன். கேட் சத்தத்துக்குப் பயம், போன் மணிக்குப் பயம். இப்போது பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறேன். துக்கம் இல்லை இது. அவன் உயிரோடு இருக்கிறான். நான் கொலைகாரன் இல்லை. இதைவிட ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும்! பக்கத்து சீட்டு அம்மாள், "வயித்து வலிங்களா?" என்று கேட்டு ஓமத் தண்ணீர் கொடுத்தார். வாங்கிக் குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. பொழுதெல்லாம் வெடிச் சத்தம். ஒன்றுக்கும் திடுக்கிடவில்லை. பலகாரம் ஐந்து சாப்பிட்டேன்.

அக்டோபர் 24, வெள்ளி

அளந்தாயிற்று. நாடாவின் ஒரு முனையைக் குழந்தைவேலின் அண்ணன் பிடிக்கட்டும் என்று நினைத்தேன். அவர் வரப்பில் நின்று வேடிக்கை பார்த்தார். குழந்தைவேலே பிடித்தான். "நல்லா இழுத்துப் புடி, தொய்வு வரக் கூடாது" என்றால் பள்ளிக்கூடப் பையனாட்டம் இரண்டு கையாலும் பிடிக்கிறான்.

கிழக்கே அண்ணன் நான்கு மீட்டர் பத்து உள்ளே வந்திருக்கிறார். அதைச் சொன்னேன். வடக்கே குழந்தைவேல் வேலி அறுபது சென்டிமீட்டர் வண்டிப்பாதையில் இருக்கிறது. அதையும் சொன்னேன்.

"அதையுஞ் சொல்லிப்போடுவீங்கன்னு தெரியுமுங்க" என்று சிரித்தான். நாளைக்கே வேலியைப் பிடுங்கி நடுவதாகச் சொன்னான். அண்ணன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கல் நட்டார். ஆனால் நட்டார்.

வேப்ப மரத்தடியில் இளநீர் குடிக்கும்போது என் இடுப்பைப் பார்த்தான்.

"ஏனுங்கய்யா, அன்னிக்கு அங்க பொடச்சுக்கிட்டு இருந்துச்சு. பேப்பரோட அமுத்திப் புடிச்சுக்கிட்டுக் குனிஞ்சு நடந்தீங்க. பாவம், வலியில கெடக்கற மனுசனுகிட்டப் போயித் தொந்தரவு பண்றமேன்னு எனக்கு ஒரு மாதிரி ஆயிப்போச்சுங்க. ஆபரேசன் பண்ணிட்டீங்களா?"

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவன் முகத்தைப் பார்த்தால் முடியவில்லை.

"மன்னிச்சுக்கப்பா" என்றேன்.

"எதுக்குங்க?"

"சும்மா."

இளநீரைச் சீவி வழுக்கையை என் பக்கம் நீட்டினான்.

அக்டோபர் 29, புதன்

தஸ்தகீர் பாய் ரிவால்வரைத் திருப்பி எடுத்துக்கொண்டார். லைசென்ஸை ரத்துசெய்ய மனு கொடுத்தேன். கலெக்டர் ஆபீஸ் கிளார்க் மனுவைப் பார்த்துவிட்டு, "பதினாலு மாசம் நடையா நடந்து வாங்கினீங்களே சார்!" என்றார். ரத்தாக எத்தனை நாள் ஆகும் என்று கேட்டேன். விடுவது சுலபம் என்றார்.

சாயந்தரம் கமலவேணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு முறை அழுத்தியதையும். அவள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது. என் வலது கையை எடுத்து, அந்த விரலைப் பார்த்தாள். கன்றல் மறைந்து மஞ்சளாகிவிட்டிருந்தது. அதைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். மிக்ஸி போடவில்லை.

"அன்னிக்குச் சாமிகிட்ட என்ன வேண்டிக்கிட்டே?" என்றேன்.

"இவரு கையால ஒண்ணும் ஆயிரக் கூடாதுன்னு."

என் கைக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று வேண்டியிருப்பாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

பச்சை பெல்ட்டை வீசிவிடலாமா என்று கேட்டாள். வேண்டாம், அந்தப் பையில் ஸ்டீல் டேப் கச்சிதமாக உட்காருகிறது, அளந்து பார்த்துவிட்டேன் என்றேன். டேப்பை வாங்கிப் பார்த்தாள். கொக்கி முனையை விரலால் தடவினாள்.

"வர்ற வருசம் இதுக்கு வெச்சா தொடைக்காதீங்க."

"தொடைக்கல."

"ஒரு மில்லிமீட்டரு கூடுமே?"

"கூடட்டும்" என்றேன். "கழிச்சு எழுதிக்கறேன்."